பட்டறைப் பக்கம்: சாணை இயந்திரத்தில் பஃப் மாட்டலாமா?

கேள்வி: பழைய வீடுகளின் பித்தளைக் கைப்பிடி, கொண்டி, குமிழ் போன்றவற்றை வாங்கிச் சீர்செய்து விற்கிறேன். என்னிடம் அரை எச்.பி. பெஞ்ச் கிரைண்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. ஆறு அங்குலக் கல். பெயர்த் தகட்டில் 2,850 ஆர்.பி.எம். என்று இருக்கிறது. கல்லைக் கழற்றிவிட்டுத் துணிச் சக்கரம் (பஃப்) மாட்டிப் பாலிஷ் போடலாமா? கடைக்காரர் 'அப்படியே மாட்டிக்கொள்ளலாம்' என்கிறார்.
— வாசகர், காரைக்குடி

பதில்: மாட்டலாம். 'அப்படியே' மாட்டக் கூடாது. கடைக்காரருக்குச் சக்கரம் விற்றால் போதும். உங்களுக்குப் பத்து விரலும் வேண்டும். ஆகவே இதற்கு மட்டும் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

சாணைக்கல்லும் துணிச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றினாலும் பொருளிடம் நடந்துகொள்ளும் விதம் வேறு. கல் கடினமானது, பொருளைத் தேய்க்கும், தள்ளும். துணி மென்மையானது, பொருளின் விளிம்பையோ துளையையோ கண்டால் சுற்றிப் பிடித்து இழுக்கும். பஃப் இயந்திரத்தில் நடக்கும் காயங்களில் பெரும்பாலானவை இந்த இழுப்பினால் வருகின்றன. அதனால் இந்த வேலையில் எதை மாட்டுவது என்பதற்கு முன்னால், எதைக் கழற்றுவது என்று பார்க்க வேண்டும்.

முதலில் கழற்ற வேண்டியது கல்லுக்கு முன்னால் இருக்கும் தாங்கு தட்டு, அதாவது டூல் ரெஸ்ட். கல்லில் வேலை செய்யும்போது அதுதான் பாதுகாப்பு. துணிச் சக்கரத்தில் அதுவே எமன். சக்கரம் பொருளைக் கீழே இழுக்கும்போது பொருள் தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும், கூடவே விரலும் போகும். அதைத் தளர்த்திப் பின்னால் தள்ளி வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். போல்ட்டோடு கழற்றி எடுத்துவிடுங்கள். மேலே தீப்பொறியைத் தடுக்க இருக்கும் கண்ணாடியையும் தகட்டையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கல்லை மூடியிருக்கும் இரும்புக் காப்பு. கல் வெடித்தால் சில்லுகள் பறக்காமல் தடுக்க அது வேண்டும். துணி வெடிக்காது. ஆனால் காப்பின் குறுகிய வாய்க்குள் கைப்பிடி போன்ற நீளமான பொருளைத் திருப்ப இடம் இருக்காது. எனவே காப்பையும் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றிய பிறகு அந்த இயந்திரத்தில் மறுபடி கல் மாட்டவே கூடாது. அது இனி பஃப் இயந்திரம்தான். வெள்ளைப் பெயிண்ட்டால் அதன் உடம்பில் 'கல் மாட்டாதே' என்று எழுதி வையுங்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் மாணவர்களுக்கு வகுப்பெடுத்த காலத்தில் இப்படி எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்துவேன். இயந்திரம் கைமாறும், அடுத்தவருக்கு அதன் கதை தெரியாது.

ஒரு பக்கம் கல், மறுபக்கம் பஃப் என்று பாதிக்குப் பாதி வைத்திருப்பவர்கள் பலர். பட்டறைக்குப் பட்டறை பார்க்கிறேன்; எனக்கு உடன்பாடில்லை. கல்லிலிருந்து பறக்கும் துகள் பஃப்பில் ஒட்டிக்கொண்டால், பளபளக்க வேண்டிய பித்தளையில் கோடு கோடாகக் கீறல் விழும். கல்லின் தீப்பொறி பஃப்பிலிருந்து உதிர்ந்த பஞ்சுக் குவியலில் விழுந்தால் புகையும். யாரும் கவனிக்காவிட்டால் எரியும்.

இனி மாட்டுவது. கல்லை இறுக்கியிருக்கும் இரண்டு நட்டுகளும் ஒரே மாதிரி திரும்பாது. இயந்திரத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் வலப்பக்கம் இருப்பது வழக்கமான வலது மரை. இடப்பக்கம் இருப்பது இடது மரை. அதைக் கழற்ற வலப்புறமாகத் திருப்ப வேண்டும். சக்கரம் கிளம்பும் வேகத்தில் நட்டு தானாக இறுகட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இது தெரியாமல் சுத்தியலால் அடித்து மரையைக் கெடுத்தவர்கள் உண்டு. நுனிக்கூம்பு ஸ்பிண்டில் (துணிச் சக்கரத்தைத் திருகி ஏற்றும் கூம்பு முனைத் தண்டு) வாங்கினாலும் இடது பக்கத்துக்கு இடது மரை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். மாற்றி மாட்டினால் சக்கரம் ஓட ஓடக் கழன்று வந்துவிடும்.

நீட்டிப்பு ஸ்பிண்டில், அதாவது மோட்டார் தண்டில் செருகி அதை வெளியே நீட்டும் துணைத் தண்டு, அவசியமா என்றால், உங்கள் வேலைக்கு அவசியம். பெஞ்ச் கிரைண்டரில் சக்கரம் மோட்டாரின் உடம்பை ஒட்டியே இருக்கும். ஒரு சாண் நீளக் கதவுக் கைப்பிடியைத் திருப்பும்போது அதன் மறுமுனை மோட்டாரில் இடிக்கும். இடித்த மாத்திரத்தில் பிடி நழுவும். கொஞ்சம் வெளியே தள்ளிச் சக்கரத்தை வைத்தால் சுற்றிலும் இடம் கிடைக்கும். லேத்தில் கடைந்து வாங்குவதானால் முதலில் உங்கள் தண்டின் விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்து கொடுங்கள். ஆறு அங்குல இயந்திரங்களில் பெரும்பாலும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இருக்கும், எட்டு அங்குல இயந்திரங்களில் பல 15.88 மி.மீ. 'அரை அங்குலம்தான்' என்று வாயால் சொல்லிக் கடைய விட்டால், 12 மி.மீ.க்குக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். அது தண்டில் ஏறாது. 13 மி.மீ. என்றால் ஆடும். நீட்டிப்பு நாலு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். நீளம் கூடக் கூட நுனி அதிரும். மோட்டாரின் பேரிங்குக்கும் அது கேடு.

சக்கரத்தின் நடுத்துளை தண்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். இரண்டு பக்கமும் அகலமான வாஷர் வைத்து இறுக்குங்கள். சின்ன வாஷர் போட்டால் துணி மடங்கி வழுக்கும். சக்கரத்தில் அதிகபட்ச ஆர்.பி.எம். அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். அது 2,850-ஐவிடக் குறைவாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இரண்டு சக்கரம் வாங்குங்கள். வட்ட வட்டமாக நெருக்கித் தையல் போட்டது ஒன்று. அது விறைப்பாக நின்று வெட்டும். நடுவில் மட்டும் தையல் போட்டு ஓரம் தளர்வாக விட்டது இன்னொன்று, கடைசி மெருகுக்கு. சுற்றும் துணியில் தேய்த்து ஏற்றும் பாலிஷ் கட்டியும் இரண்டு வேண்டும்: வெட்டும் சக்கரத்துக்குப் பழுப்பு நிற டிரிப்போலி கட்டி, மெருகுச் சக்கரத்துக்குச் சிவப்பு ரூஜ் கட்டி. ஒரு சக்கரத்தில் ஒரு கட்டிதான். மாற்றித் தேய்த்துவிட்டால் அந்தச் சக்கரத்தின் பெயர் கெட்டுவிடும். முரட்டுத் துகள் மெருகுச் சக்கரத்துக்குள் போய்விட்டால் முழுதாக வெளியே வருவதில்லை. கட்டிகளைத் தனித்தனி டப்பாவில் வையுங்கள், சக்கரங்களைத் தனித்தனிப் பையில் வையுங்கள்.

புதுச் சக்கரத்தில் நூல் பிசிறு நிறைய வரும். ஓடவிட்டு, ஒரு மரக்கட்டையில் அறைந்து வைத்த பழைய ஹேக்ஸா பிளேடின் பல்லை அதன் ஓரத்தில் மெல்லக் காட்டுங்கள். பிசிறு பறந்து ஓரம் வட்டமாகிவிடும். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, நீண்டு தொங்கும் நூல்களைக் கத்தரித்துவிடுங்கள். நாள்பட்டுக் கட்டி ஏறிக் கறுத்து இறுகிய சக்கரத்தையும் இதே பிளேடால் வாரிச் சுத்தம் செய்யலாம்.

எங்கே நின்று, எந்த இடத்தில் பொருளைக் காட்டுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. உங்கள் முன்னால் சக்கரம் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். இயந்திரத்தின் இடது கோடியில் நின்று சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்துப் பாருங்கள். நாலு மணி காட்டும் இடம்தான் வேலை செய்யும் இடம். நடு அச்சுக்குக் கீழே, உங்களைப் பார்த்த பக்கம். அங்கே பொருள் பிடுங்கிக்கொண்டாலும் கீழே, உங்களைவிட்டு விலகித்தான் பறக்கும். அச்சுக்கு மேலே காட்டினால் சக்கரம் பொருளைச் சுழற்றி எடுத்துப்போகும். எங்கே வந்து விழும் என்று சொல்ல முடியாது.

சக்கரம் கீழ்நோக்கி ஓடுவதால் பொருளின் கீழ் விளிம்பிலிருந்து அது வெளியேறும். மேல் விளிம்பில் மோதும். மேல் விளிம்பைச் சக்கரத்துக்குக் காட்டவே கூடாது. பொருளின் நடுவில் தொடங்கிக் கீழ் விளிம்புவரை போடுங்கள். பிறகு பொருளைத் தலைகீழாகத் திருப்பி, மறுபாதியையும் நடுவிலிருந்து கீழே போடுங்கள். நல்ல பாலிஷ்காரர் கையைக் கவனித்தால் தெரியும்: பொருள் ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும், ஒரு விளிம்பும் சக்கரத்தை எதிர்கொள்ளாது. கதவு வளையம், சங்கிலி, துளையுள்ள பூண் ஆகியவற்றை வெறும் கையில் பிடித்துப் பாலிஷ் போடாதீர்கள். வளையத்தைத் தடித்த மரக்குச்சியில் செருகிப் பிடியுங்கள். சங்கிலியைப் பலகையில் சுற்றி இரண்டு நுனியையும் அடித்து நிறுத்துங்கள். என்னைக் கேட்டால், சங்கிலியை இயந்திரத்திடம் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

கட்டியைச் சக்கரத்தின் ஓரத்தில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். அதிகமானால் பொருளில் கறுத்த பிசுபிசுப்பு அப்பிக்கொள்ளும். குறைந்தால் துணி வறட்சியாகத் தேய்த்துப் பொருள் சுடும். அளவு சரியாக இருக்கும்போது ஓர் அடையாளம் தெரியும். சக்கரம் தொட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று நகர்ந்துகொண்டே போகும். கோடு கடந்த இடத்தில் பித்தளை மஞ்சளாகத் திறக்கும். அந்தக் கோட்டைப் பார்த்து வேலை செய்யப் பழகுங்கள். காதும் வேண்டும். அழுத்தம் கூடினால் மோட்டாரின் சத்தம் இறங்கும். அரை எச்.பி. மோட்டார் சத்தம் இறங்கினால் கையைத் தளர்த்துங்கள். வெட்டுவது கட்டியின் துகள். உங்கள் தோளின் பலம் அதற்குத் தேவையில்லை.

வேகம் போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆறு அங்குலச் சக்கரம் 2,850 சுற்றில் ஓடினால் அதன் ஓரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,340 மீட்டர் ஓடுகிறது. பெரிய பாலிஷ் கூடங்களில் பித்தளைக்கு 1,800 மீட்டருக்கு மேல் வைத்திருப்பார்கள். உங்களுக்கு வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும். கற்றுக்கொள்பவருக்கு அது நல்லதுதான். சக்கரம் தேய்ந்து ஐந்து அங்குலமானால் ஓர வேகம் 1,120 மீட்டராக இறங்கிவிடும். 'முன்போல வெட்டவில்லையே' என்று தோன்றினால் கட்டியைக் குறை சொல்லுமுன் சக்கரத்தை அளந்து பாருங்கள்.

இயந்திரத்தை மேசையின் ஓரத்தில், சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போல்ட் போட்டு இறுக்குங்கள். நின்றால் முழங்கை உயரத்தில் சக்கரத்தின் அடிப்பாகம் வரட்டும். பின்னாலும் கீழேயும் பழைய சாக்கு, ரப்பர் விரிப்பு ஏதாவது போட்டு வையுங்கள். பறக்கும் பொருள் நசுங்காது. எர்த் உள்ள மூன்று முள் பிளக். முகத்துக்கு ஷீல்டு, மூக்குக்கு என்95 வகை மாஸ்க். டிரிப்போலி என்பது சிலிக்கா. வெறும் கைக்குட்டை அதைத் தடுக்காது, நுரையீரலில் தங்கிவிடும். துண்டு, துப்பட்டா, முந்தானை, தொங்கும் சட்டைக் கை, மோதிரம், கைக்கயிறு எதுவும் இயந்திரத்தின் பக்கம் வரக் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்வதும் வேண்டாம். அவிழும் நுனியைச் சக்கரம் பிடித்துவிடும். துணிக் கையுறையும் கூடாது. பொருள் சுட்டால் தண்ணீரில் நனைத்து ஆறவிட்டுத் தொடருங்கள். கை தாங்காத சூடு என்றால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று பொருள்.

இன்னொன்று. பஃப் கீறலை மறைக்காது. கீறலின் இரு கரையையும் வழவழப்பாக்கி அதைப் பளிச்சென்று காட்டும். சக்கரத்துக்கு வருமுன் எமரி தாளில் 220, 320, 400, 600 என்று வரிசையாகத் தேய்த்துவிட வேண்டும். ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளுக்குக் குறுக்கே தேய்த்தால், பழைய கோடு போய்விட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். பாலிஷ் வேலையில் நேரம் போவது இங்கேதான். சக்கரத்தடியில் நிற்பது கொஞ்ச நேரமே. முடிந்ததும் சோப்புப் போட்ட வெந்நீரில் கழுவி உலர்த்துங்கள். கட்டியின் மெழுகு இருந்தால் அதன்மேல் அடிக்கும் லாக்கர் (நிறமற்ற காப்புப் பூச்சு) உரிந்து வரும்.

கேள்வி: பெஞ்ச் கிரைண்டரின் வேகத்தைக் குறைக்க சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் மாட்டலாமா? அக்ரிலிக் பெயர்ப் பலகைகளின் ஓரத்தைப் பாலிஷ் செய்தால் உருகிவிடுகிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம், மோட்டார் எரியும். பெஞ்ச் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகத்தை நிர்ணயிப்பது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் மோட்டாரின் துருவங்களும். இரண்டு துருவம் என்றால் 3,000-க்குச் சற்றுக் கீழே, நான்கு துருவம் என்றால் 1,500-க்குச் சற்றுக் கீழே. மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகம் பெரிதாகக் குறையாது, பலம் குறையும். சுமை வந்ததும் தடுமாறும், அதிகக் கரண்ட் இழுக்கும், சூடாகும். சில மோட்டார்களில் கிளம்புவதற்கு மட்டும் உதவும் சுருளைத் துண்டிக்க உள்ளே ஒரு சுவிட்ச் இருக்கும். வேகம் கீழே விழுந்தால் அது மறுபடி இணைந்து அந்தச் சுருளை எரித்துவிடும். சீலிங் ஃபேனும் இண்டக்‌ஷன் மோட்டார்தானே என்று கேட்பீர்கள். ஃபேனை அதற்கென்றே செய்திருக்கிறார்கள். சுற்று குறையக் குறையக் காற்றின் எதிர்ப்பு மளமளவென்று குறைந்துவிடுவதால் அது தாக்குப்பிடிக்கிறது.

உங்கள் ஊரில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. வெட் கிரைண்டருக்குப் பேர்பெற்ற ஊர். பழைய பெரிய வெட் கிரைண்டரிலிருந்து கழற்றிய அரை எச்.பி. மோட்டார் பழைய சாமான் கடையில் கிடைக்கும். பெயர்த் தகட்டில் 1,440 ஆர்.பி.எம். என்று இருந்தால் வாங்குங்கள். இரண்டு பிளம்மர் பிளாக் பேரிங்கில் (மேசையில் போல்ட் போட்டு இறுக்கும் கூட்டுக்குள் இருக்கும் பேரிங்) ஒரு தண்டை நிறுத்தி, வி-பெல்ட்டால் இணையுங்கள். மோட்டாரில் இரண்டு அங்குலக் கப்பி, தண்டில் மூன்று அங்குலக் கப்பி என்றால் தண்டு 960 சுற்று ஓடும். ஆறு அங்குலச் சக்கரத்தின் ஓரம் நிமிடத்துக்கு 450 மீட்டர். அக்ரிலிக்குக்கு அந்த நிதானம் பிடிக்கும். அது 100 டிகிரியை நெருங்கினாலே இளகிவிடும் பொருள். பித்தளைக்கு வேகம் வேண்டுமானால் கப்பிகளை மாற்றி மாட்டினால் போதும். தண்டு நீளமாக இருப்பதால் மோட்டாரில் இடிக்கும் பிரச்சினையும் இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்குப் பெஞ்ச் கிரைண்டரைவிட இதையே நான் சிபாரிசு செய்வேன். பெல்ட்டைத் தகட்டால் மூட மறக்காதீர்கள். பெல்ட் கப்பிக்குள் நுழையும் இடம் பஃப்பைவிடப் பசி பிடித்தது.

கேள்வி: லாரிப் பட்டையில் (ஸ்பிரிங் பட்டை எஃகில்) கத்தி செய்வது என் பொழுதுபோக்கு. மானாமதுரைக்காரன், திருப்பாச்சி அரிவாள் பார்த்து வளர்ந்தவன். கத்திக்குக் கடைசி மெருகு பஃப்பில் போடலாமா?
— வாசகர், மானாமதுரை

பதில்: பஃப் இயந்திரத்துக்கு வரும் பொருள்களிலேயே ஆபத்தானது கத்திதான். மெலிந்த விளிம்பு, நீளம், கூர்மை மூன்றும் சேர்ந்தது. சக்கரம் பிடுங்கினால் அது கத்தியாகவே திரும்பி வரும். மெருகை எல்லாம் கூர் வைப்பதற்கு முன்னால், விளிம்பு மொக்கையாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். எப்போதும் விளிம்பு கீழே பார்த்திருக்கட்டும். சக்கரம் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி வெளியேற வேண்டும். எதிர்த்திசையில் ஒரு கணம்கூடக் காட்டக் கூடாது. நுனியருகே வரும்போது இன்னும் கவனம்.

சூடும் இருக்கிறது. பட்டை எஃகைத் துவைச்சல் போட்டு (பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கி), பிறகு மிதமாகச் சூடேற்றிப் பதம் பார்த்து இறக்கியிருப்பீர்கள். 220 டிகிரி வாக்கில் எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஓடும், 300 வாக்கில் நீலம். நீங்கள் இறக்கிய பதத்தைவிட அதிகச் சூட்டைக் காட்டும் நிறம் விளிம்பில் தெரிந்தால் அந்த இடத்தின் கடினம் போயிற்று, திரும்ப வராது. விரலுக்குச் சூடு தெரியுமுன்பே மெலிந்த விளிம்பு சூடேறிவிடும் என்பதால் வெறும் கையை நம்ப வேண்டாம். அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். கூர் வைத்த பிறகு இறுதிப் பதத்துக்குப் பலகையில் ஒட்டிய தோல்பட்டையில் பச்சை நிறக் குரோமியம் ஆக்ஸைடு கட்டியைத் தேய்த்து, கையால் இழுங்கள். சவரக் கூர் வரும், கையும் பத்திரம்.

கேள்வி: பைக்கின் இன்ஜின் மூடிகளைக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்ய விரும்புகிறேன். அலுமினியத்துக்கு ஏதாவது தனிக் கவனம் உண்டா?
— வாசகர், திருப்பூர்

பதில்: உண்டு. அலுமினியத் தூளும் இரும்புத் தீப்பொறியும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. அலுமினியத் தூள் எரியும் பொருள். துருப்பிடித்த இரும்புத் தூளும் கூடச் சேர்ந்திருந்தால் பற்றும்போது வரும் வெப்பம் இரும்பையே உருக்கும். அலுமினியம் பாலிஷ் போட்ட இடத்தைப் பெருக்கி அள்ளிவிட்டுத்தான் இரும்பைத் தொட வேண்டும். அப்படிப் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், உலர்ந்த மணலைப் போடுங்கள். சாதாரணச் சாம்பல் நிறச் சாணைக்கல்லில் அலுமினியத்தைத் தேய்ப்பதும் தவறு. கல்லின் கண்களில் உலோகம் அடைத்து, கல் சூடாகி உடையலாம்.

மூடிகளில் தொழிற்சாலை லாக்கர் இருந்தால் முதலில் பெயிண்ட் ரிமூவரால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்போது பஃப் போட்டால் பசையாகிச் சக்கரத்தை வீணாக்கும். மென்மையான உலோகம் என்பதால் மெதுவாக, சக்கரத்தை ஓர் இடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். நின்ற இடம் குழியும்.

கேள்வி: பாட்டி வைத்திருந்த குத்துவிளக்கும் சிறிய ஐம்பொன் அம்மன் விக்கிரகமும் கறுத்துவிட்டன. பஃப் போட்டுத் தரச் சொல்லிப் பட்டறையில் கொடுக்கலாமா?
— வாசகி, திருவாரூர்

பதில்: விளக்கைக் கொடுக்கலாம், நிபந்தனையோடு. விக்கிரகத்தைக் கொடுக்காதீர்கள், அம்மா. கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

பஃப் போடுவது என்றால் மேலிருந்து ஓர் அடுக்கு உலோகத்தைச் சுரண்டி எடுப்பது. தட்டையான இடத்தில் அது தெரியாது. விக்கிரகத்தின் கண், உதட்டோரம், ஆபரணத்தின் மணி வரிசை எல்லாம் சிற்பி உளியால் வெட்டிய கோடுகள். சுவாமிமலையில் மெழுகு அச்சில் வார்த்த பிறகு இந்த உளி வேலைக்குத்தான் நாள் கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். துணிச் சக்கரம் முதலில் தேடிப் பிடிப்பது மேடான நுனிகளை. மூக்கு நுனி மழுங்கும், விரல்கள் ஒட்டிப்போகும், முகம் மாறும். வெளியே வரும்போது தகதகவென்று இருக்கும். உங்கள் பாட்டி கும்பிட்ட முகம் இருக்காது. புளியை நீர்க்கக் கரைத்து மெல்லிய துணியால் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைத்தால் போதும். உள்ளடங்கிய கறுப்பு அப்படியே இருக்கட்டும். கோடுகளை எடுத்துக்காட்டுவதே அந்தக் கறுப்புதான்.

குத்துவிளக்கு நாச்சியார்கோவில் வேலையாக இருந்தால் அடி, தண்டு, அகல், மேலே அன்னம் என்று தனித்தனியாக மரையில் கழன்று வரும். அடியும் தண்டும் கடைசல் போட்ட உருண்டைப் பாகங்கள். அவற்றைப் பட்டறையில் கொடுங்கள். அன்னத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதையும் புளியில் தேயுங்கள். முழு விளக்கையும் ஒன்றாகப் பிடித்துச் சக்கரத்தில் காட்டும் பட்டறை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

கேள்வி: கவரிங் நகை மங்கிவிட்டது. வீட்டுப் பஃப்பில் மெருகேற்றலாமா?
— வாசகி, சிதம்பரம்

பதில்: கூடாது. கவரிங்கில் தங்கம் மிக மெல்லிய பூச்சுதான். ரூஜ் கட்டி ஒரு சுற்றில் அதைத் தின்றுவிட்டுச் செம்பைக் காட்டும். மறுபூச்சு போடுபவரிடம் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு வருடம் பஃப் ஓட்டிய கிரைண்டரில் பழைய கல்லை மறுபடி மாட்ட வேண்டியிருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: முதல் கேள்விக்கான பதிலில் எழுதியதுதான் என் கருத்து. வேறு வழியே இல்லை என்றால் இரும்புக் காப்பு, டூல் ரெஸ்ட், கண்ணாடி அத்தனையும் பழையபடி இருந்தால் மட்டும் மாட்டுங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம். கல்லை விரலில் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல கல், மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். விரிசல் கல்லை உடைத்தே குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். கல்லின் இரு பக்கமும் இருக்கும் காகித வட்டத்தைக் கிழிக்காதீர்கள். கல்லில் எழுதியிருக்கும் ஆர்.பி.எம். மோட்டாரின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். டூல் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கல் தேயத் தேய அதை முன்னால் நகர்த்திக்கொண்டே வாருங்கள். மாட்டியதும் காப்பை மூடி, பக்கவாட்டில் விலகி நின்று, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் யாரையும் கல்லுக்கு நேர் எதிரே நிற்க விடாதீர்கள்.